முதல் பழைய கைக்கடிகாரம்: எச்.எம்.டி.யா, சீக்கோ 5-ஆ, ஃபேவர் லூபாவா?

பழைய கைக்கடிகாரங்களைச் சேர்க்க வேண்டும், சேர்த்து வைப்பதோடு நில்லாமல் அவற்றைத் தன் கையாலேயே பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டு ஓட வைக்கவும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, எதில் தொடங்குவது என்பதுதான். நம் பக்கத்து வீட்டு அலமாரிகளிலும் பழைய பொருள் கடைகளிலும் இணையச் சந்தையிலும் பெரும்பாலும் கண்ணில் படுபவை மூன்று. ஒன்று, எச்.எம்.டி.யின் சாவி கொடுக்கும் கடிகாரம். ஜனதா, பைலட், கோஹினூர், சோனா என்று அதற்குப் பல பெயர்கள். இரண்டாவது, ஜப்பானின் சீக்கோ 5, அதிலும் குறிப்பாக 7009 என்ற ஆட்டோமேட்டிக் மெஷின் உள்ளது. மூன்றாவது, சுவிட்சர்லாந்தின் ஃபேவர் லூபா. சீ சீஃப், சீ கிங் ஆகிய பெயர்களில் அந்தக் காலத்துக் கைகளில் பளபளத்தவை.

இவற்றுள் எது சிறந்த கடிகாரம் என்று கேட்டால் ஒரு விடை வரும். எது கற்றுக்கொள்ள ஏற்றது என்று கேட்டால் வேறொரு விடை வரும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் முதல் வாங்கலிலேயே மனம் சோர்ந்து, பிரித்துப்போட்ட கடிகாரத்தை ஒரு டப்பாவில் மூடிவைத்துவிடுகிறார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர் எச்.எம்.டி.யில் தொடங்க வேண்டும், சீக்கோவை இரண்டாவதாக எடுக்க வேண்டும், ஃபேவர் லூபாவைக் கை பழகும் வரை திறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்கள் கடிகாரங்களின் பெருமையில் இல்லை. உதிரிபாகத்திலும், மெஷினின் அமைப்பிலும், தவறினால் என்ன இழப்பு என்பதிலும் இருக்கின்றன.

எச்.எம்.டி. எனப்படும் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. பின்னர் ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் ஆகிய ஊர்களிலும் தொழிற்சாலைகள் வந்தன. பல ஆண்டுகள் இந்த நாட்டில் கடிகாரம் என்றாலே எச்.எம்.டி. என்றுதான் இருந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும், நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும், பணி ஓய்வு பெறுகிறவருக்கும் அதைத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஒசூரிலிருந்து பேட்டரியில் ஓடும் மெல்லிய குவார்ட்ஸ் கடிகாரங்களைச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு எச்.எம்.டி.யின் கை தாழ்ந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இந்த வரலாறு வாங்குகிறவருக்கு நேரடியாகவே பயன்படுகிறது. ஒரே மாதிரியான மெஷின் பல ஆண்டுகளாகப் பெருந்தொகையில் செய்யப்பட்டதால், பேலன்ஸ் சக்கரம் முதல் சாவித் தண்டு வரை எந்தப் பாகமும் இன்றைக்கும் கிடைக்கிறது. தொழிற்சாலை மூடப்பட்டாலும் பழைய இருப்பில் பிரிக்கப்படாத உறைகளிலேயே பாகங்கள் விற்பனைக்கு வருகின்றன. அவை கிடைக்காவிட்டால், ஓடாத இன்னொரு எச்.எம்.டி.யை வாங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஊரில் மிச்சமிருக்கும் வயதான வாட்ச் மெக்கானிக் எவரிடமும் இதைக் கொண்டுபோய்ச் சந்தேகம் கேட்கலாம், ஏனெனில் அவர் தொழில் பழகியதே அநேகமாக இந்த மெஷினில்தான் இருக்கும். புத்தகத்தில் கிடைக்காத பல செய்திகள் அப்படித்தான் கைக்கு வரும்.

மெஷினைப் பாருங்கள். எச்.எம்.டி.யின் வழக்கமான சாவி கொடுக்கும் மெஷின் 17 ஜுவல்கள், அதாவது அச்சு முனைகள் தேயாமல் சுழலப் பதித்த சிறு கற்கள், கொண்டது. சிட்டிசனின் வடிவமைப்பிலிருந்து வந்தது. மணிக்கு 18,000 அதிர்வுகள், அதாவது விநாடிக்கு 5 டிக். ஒரு நாளைக்கு 4,32,000 தடவை பேலன்ஸ் என்ற அந்தச் சின்னஞ்சிறு சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. தேதியில்லை, கிழமையில்லை, கை அசைவில் சுழன்று தானாகச் சாவி ஏற்றும் ரோட்டரும் இல்லை. விசையைச் சேமிக்கும் மெயின் ஸ்பிரிங், விசையைக் கடத்தும் சக்கரங்கள், விசையைத் துளித்துளியாக விடுவிக்கும் எஸ்கேப் சக்கரமும் பேலட்டும், காலத்தை அளக்கும் பேலன்ஸ் என்று எல்லாம் பின்மூடியைத் திறந்ததுமே கண்ணுக்குத் தெரியும்படி வரிசையாக இருக்கின்றன. ஓர் இயந்திரக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் படத்தை வைத்துப் புரிந்துகொள்வதற்கும், உருப்பெருக்கும் ஐ கிளாஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அந்தச் சங்கிலியை ஒவ்வொரு சக்கரமாகப் பின்தொடர்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அந்தப் பின்தொடர்தலுக்கு இதைவிட எளிய மெஷின் நம் ஊரில் கிடைப்பது அரிது.

பிரிக்கத் தொடங்கும்போது முதலில் செய்ய வேண்டியது மெயின் ஸ்பிரிங்கின் விசையை இறக்குவது. இடது கை விரல்களில் சாவியை, அதாவது பக்கவாட்டில் நீட்டியிருக்கும் திருகுக் குமிழை, பிடித்து ஒரு நூலளவு முன்னே திருப்பினால், பற்சக்கரத்தைத் தடுத்து நிற்கும் கிளிக் என்ற சிறு துண்டு தளரும். அதை ஒரு குச்சியின் நுனியால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சாவியை விரல்களுக்கு இடையில் மெல்ல மெல்லப் பின்னோக்கி வழுக்கவிட வேண்டும். சாவி விரலில் உரசிக்கொண்டே சுழன்று, கடைசியில் தானாக நின்றுவிடும். இதைச் செய்யாமல் பேலட்டைக் கழற்றினால், அடைபட்டிருந்த விசை முழுவதும் ஒரே மூச்சில் பாய்ந்து, சக்கரங்கள் தலைதெறிக்கச் சுழன்று, பற்களும் மயிரிழை போன்ற அச்சு முனைகளும் கெட்டுப்போகும். இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல மெஷின்களில் சாவிச் சக்கரத்தின் மேலிருக்கும் திருகு எதிர்ப்பக்கமாக மரையிடப்பட்டது. வழக்கம்போல் இடப்பக்கம் திருகிக் கழற்ற முயன்றால் அது இன்னும் இறுகும், கடைசியில் தலை முறியும். இத்தகைய பாடங்களைக் கற்பதற்கு, முறிந்தால் மாற்றுத் திருகு எளிதாகக் கிடைக்கும் மெஷின்தான் தகுந்தது.

எச்.எம்.டி.யின் குறை அதன் மெஷினில் இல்லை, மேலுடம்பில் இருக்கிறது. ஜனதா போன்ற மலிவு மாடல்களின் கேஸ் பித்தளைமேல் குரோமியம் பூசியது. வியர்வையும் கடற்கரைக் காற்றும் சேர்ந்து, பட்டை மாட்டும் காதுகளின் உட்பக்கத்திலும் பின்மூடியின் விளிம்பிலும் அந்தப் பூச்சை அரித்து, உள்ளேயிருக்கும் மஞ்சள் உலோகத்தைப் புள்ளி புள்ளியாக வெளிக்காட்டும். அதைப் பழையபடி ஆக்க வழியில்லை. திரும்பப் பூசினால் அது பழைய கடிகாரமாகவும் இராது, புதியதாகவும் இராது. நீர் புகாமல் தடுக்கும் அமைப்பும் பெயரளவுக்குத்தான். ஆகவே சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ பல ஆண்டுகள் கையில் கிடந்த கடிகாரத்தை வாங்கும்போது, சாவியை வெளியே இழுத்துத் தண்டில் துரு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். தண்டில் துரு இருந்தால் உள்ளே சாவி தொடர்பான மற்றப் பாகங்களிலும் இருக்கும். கண்ணாடியைப் பற்றிக் கவலை வேண்டாம். அது அக்ரிலிக், கீறலை மெருகிட்டு நீக்கலாம், விரிசல் விட்டிருந்தால் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம்.

சீக்கோ 5-க்கு வருவோம். அணிவதற்கு மட்டுமே ஒரு பழைய கடிகாரம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், இந்த மூன்றில் இதைத்தான் நான் தயங்காமல் சொல்வேன். 1963-இல் தொடங்கிய இந்த வரிசையின் நோக்கமே அன்றாட உபயோகம்தான். தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் அமைப்பு, 3 மணி இடத்தில் ஒரே ஜன்னலில் கிழமையும் தேதியும், நீர்த்தடுப்பு, 4 மணிப் பக்கம் உள்ளடங்கிய சாவி, எளிதில் கெடாத உடம்பும் பட்டையும் என்று அதற்கான தேவைகள் முதலிலேயே வகுக்கப்பட்டன. கேஸ் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வியர்வை அதை ஒன்றும் செய்வதில்லை. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்களின் பெட்டிகளில் இவை வந்தன. சென்னைப் பர்மா பஜாரிலும் கைமாறின. இன்றும் சில சீக்கோக்களின் கிழமைச் சக்கரத்தைத் திருப்பினால், ஆங்கிலத்துக்கு அடுத்து அரபி எழுத்துகள் வரும். அந்தக் கடிகாரம் எந்தக் கடல் தாண்டி வந்தது என்பதை அதுவே சொல்லிவிடும்.

7009 மெஷின் 17 ஜுவல்கள் கொண்டது, மணிக்கு 21,600 அதிர்வுகள் உடையது. அதன் சிறப்பு மேஜிக் லீவர் என்ற அமைப்பு. 1959-இல் சீக்கோ அறிமுகப்படுத்திய இந்த ஏற்பாட்டில், இரண்டு விரல்கள் நீட்டிய ஒரு சிறு தகடு இருக்கிறது. ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் ஒரு விரல் சக்கரத்தை இழுக்கும் அல்லது இன்னொரு விரல் தள்ளும். சக்கரம் எப்போதும் ஒரே திசையில்தான் நகரும். சுவிஸ் ஆட்டோமேட்டிக்குகள் பல சக்கரங்களை வைத்துச் செய்த வேலையை இவ்வளவு குறைந்த பாகங்களில் முடித்ததை நேரில் பார்க்கும்போது, அந்தப் பொறியாளர்கள்மேல் மரியாதை வராமல் இருக்காது. மேல்பக்கத்தை, அதாவது பின்மூடியைத் திறந்ததும் தெரியும் பக்கத்தைப் பொறுத்தவரை, எச்.எம்.டி.யைப் பிரித்துப் பழகியவருக்கு இது கடினமே இல்லை.

கடினம் டயலுக்கு அடியில் இருக்கிறது. முட்களையும் டயலையும் எடுத்தால், கிழமைச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒரு மெல்லிய வளையம் முதலில் எதிர்ப்படும். சரியான கோணத்தில் நெம்பாவிட்டால் அது எங்கே போய் விழுந்தது என்று தரை முழுக்கத் தேட வேண்டியிருக்கும். அதற்கு அடியில் தேதிச் சக்கரம், அதைத் தாவ வைக்கும் ஸ்பிரிங்குகள், சாவியால் தேதியையும் கிழமையையும் மாற்றுவதற்கான சிறு பற்சக்கரங்கள் என்று ஒரு தனி உலகமே இருக்கிறது. இவற்றில் ஒன்று இடம் மாறினால் கடிகாரம் நன்றாக ஓடும், ஆனால் தேதி பாதி வழியில் நிற்கும். மேலும், இந்த மெஷினுக்கு வெளியிலிருந்து சாவி கொடுக்க முடியாது. பிரித்துப் பூட்டியபின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு, மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் பேரல் என்ற டப்பியின் மேலிருக்கும் திருகைத் திருப்புளியால் சுற்றி விசை ஏற்ற வேண்டும். அனுபவம் உள்ளவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. முதல் கடிகாரத்திலேயே, கோளாறு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரியாமல் திகைப்பவருக்கு இது பெரிய சுமை.

சீக்கோவை வாங்குகிறவருக்கு ஒரு வசதி உண்டு. பின்மூடியில் மெஷின் எண்ணும் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு மட்டும் இலக்கத்துக்குப் பதிலாக ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள் வரும். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷினை வைத்து ஊகிக்க வேண்டும். டயலின் அடி விளிம்பில் பொடி எழுத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். அதுவும் 7009 என்று தொடங்கினால், டயலும் மெஷினும் ஒன்றுக்கொன்று உரியவை என்று ஓரளவு நம்பலாம்.

ஃபேவர் லூபாவின் கதை வேறு. 1737-இல் ல லோக்ல் என்ற சுவிஸ் ஊரில் வேர்விட்ட இந்த நிறுவனம், 19-ஆம் நூற்றாண்டிலேயே பம்பாயில் வணிகத்தை நிறுவியது. உயரமானி பொருத்திய பிவுவாக் என்ற கடிகாரத்தை 1962-இல் கொண்டுவந்து மலையேறுகிறவர்களிடம் பெயர் வாங்கியது. இந்தியாவில் வசதி படைத்தவர் கையில் இருந்தவை சீ சீஃபும் சீ கிங்கும். குவார்ட்ஸ் அலையில் மற்றச் சுவிஸ் நிறுவனங்களைப் போல இதுவும் தடுமாறிக் கைமாறியது. 2011-இல் டைட்டன் இந்தப் பெயரை வாங்கியது, 2023-இல் கடிகாரம் விற்கும் ஈதாஸ் குழுமத்துக்கு விற்றது. புதிதாக வருகிற ஃபேவர் லூபாக்களுக்கும் உங்கள் தாத்தாவின் சீ சீஃபுக்கும் உதிரிபாகத்தில் எந்த உறவும் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

அழகில் இது மற்ற இரண்டையும் வென்றுவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல நிலையில் உள்ள சீ கிங்கின் டயலில் வெயில் படும்போது தெரியும் மெல்லிய கதிர்க்கோடுகளும், கையால் ஒட்டிய மணிக் குறிகளும், மெஷின்மேல் இழைத்த மெருகும் எச்.எம்.டி.யில் எதிர்பார்க்கக் கூடியவை அல்ல. இந்நிறுவனத்தின் மெல்லிய மெஷின்களில் சில, ஒன்றுக்குப் பதில் இரண்டு மெயின் ஸ்பிரிங் பேரல்கள் கொண்டவை. விசை சீராக வருவதற்காகச் செய்த ஏற்பாடு அது. பிரிப்பவருக்கோ அதுவே தலைவலி. பாகங்கள் மெலிந்தவை, இடைவெளிகள் குறுகியவை, ஒரு பேலன்ஸ் அச்சு முறிந்தால் அதே மெஷினுக்கு உரிய அச்சைத் தேடி மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். எச்.எம்.டி.யில் ஒரு மாலை வேலையாக முடியும் கோளாறு, இங்கே கடிகாரத்தையே முடக்கிவிடும். சேர்ப்பதற்கு மட்டும் என்றால், நம்பகமானவரிடம் நல்ல நிலையில் உள்ள ஒன்றை வாங்கி, தேர்ந்த மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்து அணியலாம். திருப்புளி பிடித்துப் பழகுவதற்கு இது இடமல்ல.

சுவிஸ் கடிகாரங்களில் இன்னொரு கவனமும் தேவை. 1960-களுக்கு முன் இருட்டில் ஒளிரும்படி செய்த டயல்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த பூச்சு இருந்தது. ஒளி எப்போதோ மங்கிப்போயிருக்கும், ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். கதிர்வீச்சு அப்படியே இருக்கும். பழுப்பாகி உதிர்கிற அந்தப் பூச்சைச் சுரண்டக் கூடாது, ஊதக் கூடாது, அத்தகைய கடிகாரத்தை வீட்டு மேசையில் திறக்கவே கூடாது.

மூன்றுக்கும் பொதுவான பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எதை வாங்குவது என்பதைவிட இதில் ஏமாறாமல் இருப்பது முக்கியம். இணையத்தில் இன்று விற்கப்படும் பழைய எச்.எம்.டி., சீக்கோ, ஃபேவர் லூபாக்களில் ஏராளமானவை மறுவண்ணம் பூசிய டயல்கள் கொண்டவை. மங்கிய டயலைச் சுரண்டி, கண்ணைப் பறிக்கும் நீலத்திலோ ஆரஞ்சிலோ பச்சையிலோ புதுப் பூச்சுக் கொடுத்து, எழுத்துகளை மறுபடி அச்சிட்டு, கையில் கிடைத்த முட்களைப் பொருத்தி, மெருகுச் சக்கரத்தில் கேஸின் விளிம்புகளைக் கரைத்துப் பளபளப்பாக்கிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். நிறுவனம் ஒருநாளும் செய்யாத வண்ணங்களும், நிறுவனம் ஒருநாளும் எழுதாத வாசகங்களும் அவற்றில் இருக்கும். விலை குறைவு, பார்வைக்குப் புதுசு, ஆகவே தொடக்கக்காரர் மயங்கிவிடுகிறார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அசல் டயலில் நிமிடக் கோடுகள் எல்லாம் ஒரே தடிமனில், ஒரே நீளத்தில், 12 மணிக் குறியின் நடுவில் சரியாகச் சந்திக்கும். மறுபூச்சில் அந்தச் சந்திப்பு சற்று விலகியிருக்கும், அல்லது மணிக் குறிக்கும் அதற்குரிய கோட்டுக்கும் பொருந்தாது. எழுத்துகளின் விளிம்பு அசலில் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாகவும், மறுபூச்சில் மை லேசாகப் பரவியும் தெரியும். 6 மணிக்குக் கீழே இருக்க வேண்டிய பொடி எழுத்து வரி, கேஸின் ஓரத்தில் பாதி மறைந்தோ அடியோடு காணாமலோ போயிருக்கும். தேதி ஜன்னலின் ஓரத்தில் பெயின்ட் திரண்டு நிற்கும். விநாடி முள் நிமிடக் கோட்டை எட்டாமலோ தாண்டியோ இருந்தால், முட்களும் மாற்றப்பட்டவை என்று கொள்ளலாம். மேலே இவ்வளவு செலவு செய்தவர் உள்ளே எண்ணெயாவது இட்டிருப்பார் என்று நினைக்க வேண்டாம். திறந்து பார்த்தால் பெரும்பாலும் காய்ந்த எண்ணெயும் தேய்ந்த திருகுத் தலைகளும்தான் இருக்கும்.

எனவே கறை படிந்திருந்தாலும் ஓரம் மஞ்சளித்திருந்தாலும் அசல் டயல் உள்ளதையே வாங்குங்கள். மெஷினின் எந்தக் கோளாறையும் உழைப்பால் சரிசெய்யலாம், தேய்ந்த பாகத்தை மாற்றலாம். சுரண்டப்பட்ட டயலை மட்டும் எந்த வித்தையாலும் மீட்க முடியாது. இந்த விஷயத்திலும் எச்.எம்.டி.க்கு ஒரு சாதகம் உண்டு. வீடுகளில் முதல் உரிமையாளரிடமே இன்னும் இருப்பவை ஏராளம் என்பதால், இணையத்தைத் தொடாமல் உறவினர்களிடமும் தெருவில் உள்ள பெரியவர்களிடமும் கேட்டே யாரும் தொடாத அசல் கடிகாரத்தைப் பெறலாம்.

கருவிகளைப் பொறுத்தவரை மூன்று கடிகாரங்களுக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். நல்ல எஃகில் செய்த மூன்று நான்கு திருப்புளிகள், கூரிய ட்வீசர், 10 மடங்கு பெரிதாக்கும் ஐ கிளாஸ், மெஷின் பிடிப்பான், முள் கழற்றி, பின்மூடி திறக்கும் கருவி ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். எண்ணெயில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. வேகமாக ஆடும் பேலன்ஸ் முனைகளுக்கு மோபியஸ் 9010 போன்ற மெல்லிய எண்ணெயும், மெதுவாக நகரும் பேரலுக்கும் நடுச் சக்கரத்துக்கும் தடித்த எண்ணெயும் வேண்டும். தையல் இயந்திர எண்ணெயை இட்டால் அது பரவி, பேலன்ஸை ஆட வைக்கும் மெல்லிய சுருள் கம்பியான ஹேர் ஸ்பிரிங்கில் ஏறிச் சுருள்களை ஒட்ட வைத்துவிடும், கடிகாரம் நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடும். பழைய மெக்கானிக்குகள் வெள்ளை பெட்ரோலில் கழுவுவார்கள். வீட்டில் அதைப் பயன்படுத்துகிறவர் காற்றோட்டத்தையும் நெருப்பையும் கவனிக்க வேண்டும். ஆல்கஹாலில் கழுவுகிறவர் பேலட்டை அதில் ஊற வைக்கக் கூடாது. அதன் கற்களை ஒட்டியிருப்பது அரக்கு, அது ஆல்கஹாலில் கரையும்.

ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இப்போது மலிவாகவே கிடைக்கிறது. முழுச் சாவி கொடுத்து டயலை மேலே வைத்து அளக்கும்போது பேலன்ஸின் வீச்சு 250 பாகைக்கு மேல் இருந்தால் மனநிறைவு கொள்ளலாம். 200-க்குக் கீழே இருந்தால் அழுக்கோ, தளர்ந்த மெயின் ஸ்பிரிங்கோ, தேய்ந்த அச்சோ காரணமாக இருக்கலாம். சர்வீஸ் ஆன எச்.எம்.டி. நாளொன்றுக்கு 30 விநாடிக்குள் முந்தினாலோ பிந்தினாலோ குறை சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளின் 86,400 விநாடிகளில் 30 என்பது 0.035 விழுக்காடுதான். சீக்கோவும் நல்ல நிலையில் உள்ள ஃபேவர் லூபாவும் இதைவிட நெருக்கமாக ஓடக்கூடும். ஆயினும் ஓட்டத்தின் துல்லியத்துக்காகப் பழைய கடிகாரம் வாங்குகிறவர் யாரும் இல்லை.

வாங்கும் முறையைச் சொல்கிறேன். ஒரே மெஷின் உள்ள எச்.எம்.டி.கள் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஓடுவது, மற்றது ஓடாதது. ஓடாததை முதலில் பிரியுங்கள், ஒவ்வொரு பாகத்தை எடுக்கும்போதும் கைபேசியில் படம் எடுங்கள், திரும்பப் பூட்டுங்கள், மறுபடி பிரியுங்கள். ட்வீசரின் அழுத்தம் கைக்குப் பிடிபட்டு, பாகங்கள் பறந்து ஒளிவது நின்ற பிறகு ஓடுவதைத் தொடுங்கள். ஓடுவதையே முதலில் பிரிப்பவருக்கு, பூட்டியபின் நின்றுவிட்டால் தவறு எங்கே நேர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. எச்.எம்.டி.யில் கை ஊன்றியபின் 7009-ஐ எடுத்தால், மேல்பக்கம் பழகியதாகவே தோன்றும், காலண்டர் பக்கத்துக்கு மட்டும் முழுக் கவனத்தையும் கொடுக்கலாம்.

இதில் ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் ஒரே பழைய கடிகாரம் அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ ஆக இருந்தால், அது எச்.எம்.டி.யாகவே இருந்தாலும் அதில் பழகாதீர்கள். சந்தையில் அதே மாடல் எத்தனை கிடைத்தாலும், அவருடைய மணிக்கட்டில் தேய்ந்த அந்தக் கேஸ் ஒன்றுதான் இருக்கிறது. அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். கொடுக்கும்போது வாய்வார்த்தையாகச் சொல்வதோடு விடாமல், டயலுக்குப் பூச்சுக் கொடுக்கக் கூடாது, கேஸை மெருகுச் சக்கரத்தில் வைக்கக் கூடாது, மாற்றிய பாகங்களை ஓர் உறையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.